ஒரே தெருவுக்கு மூன்று பெயர்: கொழும்பில் வழி தேடியவர்களின் அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து:

என் தந்தையார் அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இளவயதில் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். கடந்த தை மாதம் நான் திருச்சியிலிருந்து விமானத்தில் கொழும்புக்குப் புறப்பட்டபோது, பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் ஒரு தாளில் தம் கையால் எழுதிக் கொடுத்தார். செட்டியார் தெரு, கொம்பனித்தெரு, கறுவாத்தோட்டம், முகத்துவாரம், கல்கிசை என்று அந்தத் தாள் முழுவதும் தமிழ்ப் பெயர்கள். என் கைப்பேசி வரைபடத்தில் அவற்றில் ஒன்றுகூட அந்தப் பெயரில் இல்லை.

புறக்கோட்டையில் ஓர் ஆட்டோக்காரரிடம் செட்டியார் தெரு என்றேன், அவருக்கு விளங்கவில்லை. வரைபடத்தில் தேடிப் பிடித்து 'சீ ஸ்ட்ரீட்' என்று காட்டியதும், "ஹெட்டி வீதிய" என்று சிரித்துவிட்டு ஏறச் சொன்னார். நம் செட்டிதான் சிங்களத்தில் ஹெட்டியாகியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும் உள்ள அந்தத் தெரு, நான் நின்ற இடத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில்தான் இருந்தது. ஏறும்போது மீட்டரைப் பற்றிக் கேட்காத குற்றத்துக்கு ஒரு நல்ல சாப்பாட்டின் விலையை அபராதமாகக் கட்டினேன்.

இதைவிடப் பெரிய குழப்பம் மணிக்கூட்டுக் கோபுரத்தால் வந்தது. "மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில்தான் நான் வேலை பார்த்த கடை" என்று அப்பா சொல்லியிருந்தார். 1857இல் கட்டப்பட்டு, பின்னர் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டு, சுற்றிலும் எழுந்த கட்டடங்கள் ஒளியை மறைத்ததால் அந்தப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கோபுரம் ஒன்று கோட்டைப் பகுதியில், சாலைச் சந்திப்பின் நடுவே நிற்கிறது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்; வங்கிகளும் அலுவலகங்களும் இருந்தனவே தவிர மளிகைக் கடையின் வாசனைகூட இல்லை. கடைசியில் ஒரு பெரியவர், "இது கோட்டை தம்பி. நீங்கள் கேட்கிறது புறக்கோட்டையில் இருக்கிற கான் மணிக்கூட்டுக் கோபுரம்" என்று கை காட்டினார். அது 1923இல் பம்பாயிலிருந்து வந்த ஒரு பார்சிக் குடும்பத்தார் எழுப்பியது. அங்கே போய்ச் சேர்ந்தபோது கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறைகளை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பெயர்கள் கைவிட்ட இடத்தில் எண்கள் கைகொடுத்தன. நகரம் கொழும்பு 1 முதல் 15 வரை அஞ்சல் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கோட்டை 1, வெள்ளவத்தை 6, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13, முகத்துவாரம் 15. அப்பாவின் தாளில், நகர எல்லைக்கு வெளியே உள்ள கல்கிசையைத் தவிர, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த எண்ணை எழுதிக்கொண்ட பிறகு, எந்த மொழிக்காரரிடமும் தாளை நீட்டினால் போதும் என்றாயிற்று.

கூடலூரிலிருந்து:

கோத்தகிரி நண்பர் நாட்டாமிகளை எப்படித் தவறவிட்டார் என்று தெரியவில்லை. புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடும் சுமைத் தொழிலாளர்களுக்கு அங்கே அந்தப் பெயர். "நாட்டாமி வருகிறார், ஒதுங்குங்கள்" என்று ஒருவர் சொன்னபோது, மீசையும் சால்வையுமாக யாரோ ஊர்ப்பெரியவர் வருகிறாரென்று மரியாதையாகத் திரும்பி நின்றேன். முழங்காலில் வண்டி இடித்தது. இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள சிவப்புப் பள்ளிவாசலை அடையாளமாக வைத்துக்கொண்டால் அந்தப் பகுதியில் வழி தவறாது என்பது என் அனுபவம்.

குன்னூரிலிருந்து:

நான் தங்கியது வெள்ளவத்தையில், காலி நகருக்குச் செல்லும் பெருஞ்சாலையான காலி வீதியிலிருந்து பிரியும் எண்ணிட்ட ஒழுங்கைகளுள், அதாவது சந்துகளுள், ஒன்றில். நம் மலையில் வழி கேட்டால் 'மேலே ஏறுங்கள், கீழே இறங்குங்கள்' என்பார்கள்; அங்கே 'கடல் பக்கம்' என்பதும் 'அதற்கு எதிர்ப்பக்கம்' என்பதும்தான் திசை. கடலோரமாக இரயில் பாதை, அதற்கு இணையாக மெரைன் டிரைவ், உள்ளே காலி வீதி என்று மூன்று கோடுகளை மனத்தில் போட்டுக்கொண்டால் தென்கொழும்பு முழுவதும் கைக்குள் வந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பகுதியில் போகும் வண்டிகளுக்கு ஒரு சாலையும் வரும் வண்டிகளுக்கு வேறொரு சாலையுமாக ஒருவழி ஆக்கியிருப்பதால், இறங்கிய நிறுத்தத்துக்கு எதிரே நின்று திரும்பிப் போகும் பேருந்துக்காகக் காத்திருப்பது வீண். நான் அரை மணி நேரம் அப்படி நின்றிருக்கிறேன்.

இரயிலை நான் மிகவும் விரும்பினேன். கோட்டை நிலையத்தில் தெற்கே போகும் வண்டியில் ஏறி வலப்பக்கம் இடம் பிடித்தால், கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும் அலைத் திவலை முகத்தில் தெறிக்கும். பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மலையேறும் நம் ஊர் இரயிலிலேயே வளர்ந்த எனக்குச் சமதரையில் ஒரு வண்டி அந்த வேகத்தில் ஓடியதே வேடிக்கையாக இருந்தது. அந்த வேகந்தான் என்னை ஏமாற்றியது. எல்லா வண்டிகளும் எல்லா நிலையங்களிலும் நிற்கும் என்று நம்பி ஒரு மாலை, வேலை விட்டுத் திரும்பும் கூட்டத்தோடு ஏறினேன். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை எல்லாம் சன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாகக் கடந்து போயின. மொரட்டுவையில் இறக்கிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பள்ளி மாணவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "101 பஸ்ஸில் போங்கோ அங்கிள், அது காலி வீதி வழியாகப் புறக்கோட்டைக்குப் போகும்" என்றாள். அதிலேறிய பிறகு நடத்துநர் நிறுத்தத்துக்கு நிறுத்தம் "பிட்டகொட்டுவ, பிட்டகொட்டுவ" என்று கூவிக்கொண்டே வந்தார். அது என்ன ஊரோ என்று பயந்து, வெள்ளவத்தை வரும்வரை படிக்கட்டின் அருகிலேயே நின்றுகொண்டிருந்தேன். புறக்கோட்டையைத்தான் சிங்களத்தில் அப்படிச் சொல்கிறார்கள் என்பது விடுதிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.