குறைதீர் கற்பித்தலுக்கு வாரத்தில் எங்கே நேரம் ஒதுக்குவது?

கேள்வி: தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கியதிலிருந்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (மேல்நிலை) என மூன்று கற்றல் நிலைக் குழந்தைகளுக்கும் ஒரே அறையில் கற்பித்து வருகிறேன். திங்களன்று 'கொ', 'கோ' வேறுபாட்டைச் சரியாகச் சொல்பவர்களே வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதலில் 'கோடி'யைக் 'கொடி' என்று எழுதுகிறார்கள். பாடத்தையும் முடிக்க வேண்டிய நிலையில் மீள்பார்வைக்கு எப்போது நேரம் ஒதுக்குவது?

பதில் 1: வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள், டீச்சர். நாள்தோறும் முதல் பத்து நிமிடங்களை முந்தைய நாளின் எழுத்துகளுக்கே கொடுத்துவிட்டு, புதன்கிழமை புதிய எழுத்து எதையும் தொடங்காமல் இருந்து பாருங்கள். பாடத்திட்ட ஏட்டில் அந்த நாளை முன்கூட்டியே குறித்துவிடுவது நல்லது. இல்லையேல் ஏதேனும் ஒரு பதிவேட்டு வேலை அதை விழுங்கிவிடும்.

பதில் 2: அதே சொல்லைப் பத்து முறை எழுத வைப்பது மறுகற்பித்தல் ஆகாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பதால், 'கொ'வுக்கு ஒரு தட்டு, 'கோ'வுக்கு இரண்டு தட்டு எனக் கைதட்டி ஓசையை அளக்கச் செய்த பிறகே ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பலகையில் காட்டுகிறேன்.

கேட்டவர்: அந்நேரத்தில் மலர் நிலைக் குழந்தைகள் என்ன செய்வார்கள்?

பதில் 2: இருவர் இருவராக அமர்ந்து கதை வாசிப்பார்கள், சத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.