கார்ட்டூன் கரடியிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன், உதவுங்கள்

என் மகனுக்கு 7 வயது. எடையைப் பார்த்த மருத்துவர், இனிப்புப் பானங்களையும் பாக்கெட் நொறுக்குத்தீனியையும் குறைக்கச் சொன்னார். நான் குறைக்கிறேன், விளம்பரம் குறையவில்லை. தொலைக்காட்சியை அணைத்தால் யூடியூபில் ஒரு சிறுவன் பெட்டியைப் பிரித்துச் சிரிக்கிறான். அது விளம்பரம் என்று இவனுக்குப் புரியவைக்க முடியவில்லை (எனக்கே சில நேரம் தெரிவதில்லை).

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு மிகுந்த பாக்கெட்டுகளில் கறுப்பு எச்சரிக்கை முத்திரை உண்டு; அவற்றில் குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன்களுக்குத் தடை. எங்கள் வீட்டிலோ பாக்கெட்டில் சிரிக்கும் கார்ட்டூன் கரடி சொன்னதே சட்டம்.

இப்போது பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒரு குளிர்பான நிறுவனம் பரிசுப் பைகள் தரப்போகிறதாம். தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதப்போகிறேன். இப்படி எழுதிப் பலன் கண்டவர்கள் இருக்கிறீர்களா? சண்டையாகத் தெரியாமல் எப்படித் தொடங்கினீர்கள்? மகனின் உடம்பைப் பற்றிப் பேசாமலே இதை அவனுக்கு விளக்க வழி தெரிந்தாலும் சொல்லுங்கள்.