"நான் இனிப்பே தொடறதில்ல டாக்டர்"

ராப்பறவை:
ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார், "இனிப்பு நிறைய சாப்பிடுவீங்களோ?" சத்தியமாக இல்லை என்றேன். காபிக்கே சர்க்கரை போடாதவன் நான். ஆனால் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி, அந்த ஹெச்பிஏ1சி, 6.1. 5.7ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையாம். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் அதிகம், 260. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு வேறு. மதுவைத் தொட்டதே இல்லை.

"சரி, என்ன குடிப்பீங்க?" என்றபோதுதான் வாயடைத்துப் போனேன். நைட் ஷிப்ட். நள்ளிரவில் ஒரு கோலா கேன், விடிவதற்குள் இன்னொன்று. நாலு வருஷமாக. அதைச் சாப்பாட்டுக் கணக்கில் நான் சேர்த்ததே இல்லை. ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் கல்லீரலை முக்கோணமாக வரைந்து காட்டினார். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ் என்கிற இனிப்பு வகை, அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் சமாளிக்க வேண்டும், மிஞ்சினால் கொழுப்பாக்கிவிடும். திரவமாக உள்ளே போவதால் வயிறு நிறைந்த உணர்வும் வராது, வழக்கமான சாப்பாடும் குறையாது.

வீட்டுக்கு வந்து கேனைத் திருப்பிப் பார்த்தேன். 330 மில்லியில் 35 கிராம் சர்க்கரை. நம்பாமல் தராசில் கிண்ணத்தை வைத்து டீஸ்பூனால் போட்டுக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது ஸ்பூனில்தான் 35ஐத் தொட்டது. அத்தனை சர்க்கரையோடு யாராவது காபி நீட்டியிருந்தால் முதல் வாயிலேயே துப்பியிருப்பேன். ஜில்லிப்பும் புளிப்பும் சேர்ந்து திகட்டாமல் ஏமாற்றியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2015ல் கொடுத்த வழிகாட்டலில், ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. ஒரே கேனில் எனக்கு அது தாண்டிவிடும்.

நிறுத்திய மூன்று நாள் மண்டை இடி (பழகிய காஃபீன் குறைந்ததால்). நாலு மாதம் கழித்து அந்த ஹெச்பிஏ1சி 5.6.

கூச்சக்காரன்:
எனக்கு ரத்தமெல்லாம் சுத்தம், பல்லுதான் போச்சு. ஒரு கோலா பாட்டிலை மேஜைல வச்சுக்கிட்டு மத்தியானம் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுவேன். மடமடன்னு குடிக்கலையே, அளவாத்தானே குடிக்கிறோம்னு பெருமை வேற! பல் டாக்டர் சிரிச்சிட்டார். எனாமல், அதான் பல்லோட மேல் பூச்சு, கரைய ஆரம்பிக்கிறது பிஹெச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே, கோலா கிட்டத்தட்ட 2.5. எச்சில் அந்த அமிலத்தைச் சரிக்கட்டறதுக்குள்ள நான் அடுத்த வாய் குடிச்சிடறேன். முன்பல் ஓரம் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, பச்சைத் தண்ணி பட்டாக்கூட சுரீர்ங்குது. அதுக்கு மேல, குடிச்ச கையோட பல் தேய்ப்பேன். இளகின எனாமலைத் தேய்ச்சே எடுத்திருக்கேன். சர்க்கரை இல்லாத வகைக்கு மாறினாலும் அமிலம் அப்படியேதான் இருக்காம்.

தம்பியுடையாள்:
எங்கள் கதை கொஞ்சம் வேறு. தம்பிக்கு அப்போது 19. திடீரென்று அடங்காத தாகம், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பாத்ரூம். தாகத்துக்குக் குளிர்பானம் குடித்தான், தாகம் இன்னும் ஏறியது, இன்னும் குடித்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் உடம்பு அதைச் சிறுநீரோடு வெளியே தள்ளும், தண்ணீரும் கூடவே போகும், மறுபடி தாகம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை 540. டைப் 1 சர்க்கரை நோய், உடம்பு இன்சுலின் சுரக்காத வகை. அது குளிர்பானத்தால் வருவதில்லை, யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இப்போது அவன் பையில் எப்போதும் ஒரு சின்ன பாட்டில் அதே பானம் இருக்கும். போட்டுக்கொள்ளும் இன்சுலின் அதிகமாகி ரத்தச் சர்க்கரை இறங்கினால் 150 மில்லி குடித்து, 15 நிமிஷம் கழித்துப் பரிசோதிக்க வேண்டும். ஒருமுறை நான் தெரியாமல் 'ஜீரோ சுகர்' பாட்டிலை வாங்கி வைத்துவிட்டேன். 58க்கு இறங்கி, கை நடுங்க, வியர்த்துக் கொட்டக் குடிக்கிறான், ஏறவே இல்லை. கடைசியில் குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கொடுத்தேன். இப்போதெல்லாம் வாங்கும்போதே மூடியில் மார்க்கரால் 'சர்க்கரை உண்டு' என்று எழுதிவிடுகிறேன்.

கூச்சக்காரன்:
அய்யோ அக்கா! இனிமே லேபிளைப் படிக்காம எதையும் வாங்கமாட்டேன். ராப்பறவை அண்ணா, டப்பா ஜூஸ் பரவாயில்லையா?

ராப்பறவை:
கோலாவை விட்ட முதல் வாரம் நானும் அதற்குத்தான் தாவினேன் தம்பி. ஆப்பிள் ஜூஸ், 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. கோலாவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இப்போது ஷிப்டுக்குத் தண்ணீரும் சர்க்கரை இல்லாத காபியும்தான்.