சாவியை உருவிய பிறகும் எஞ்சின் நிற்க மாட்டேங்குது: 1966 எம்ஜிபி, விவரம் தெரிந்தவர்கள் உதவுங்க

தோப்புக்காரன் (பொள்ளாச்சி)

வணக்கமுங்க. தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நிஜமாகவே அதுதான் பிரச்சினை. சாவியைத் திருப்பி அணைத்து, உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாலும் வண்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

வண்டி 1966 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். வால்பாறையில் ஒரு எஸ்டேட் மேனேஜரிடம் தாத்தா வாங்கியது. அவர் போன பிறகு இருபது வருஷத்துக்கு மேல் களத்துக் கொட்டகையில் தேங்காய் மட்டைக்கு நடுவே கிடந்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது, வயரிங்கையும் விட்டுவைக்கவில்லை. மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கே கொடுத்திருக்கிறேன். எஞ்சின் வேலையை மட்டும் அம்பாசிடர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் ஒப்படைத்தேன். அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினும் இதுவும் ஒரே பி சீரிஸ் குடும்பம்தானே. ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது நம்ம அம்பியோட பெரியண்ணனுங்க" என்றார்.

எல்லாம் அசலாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்குக் கிடையாது. பஸ் ஸ்டாண்டு முன்னால் மாட்டிக்கொண்டாலும் கொதிக்காமல் வீடு வந்து சேர வேண்டும், ராத்திரியில் ரோடு தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதனால் பாசிடிவ் எர்த்தாக (பேட்டரியின் பிளஸ் பக்கம் பாடியோடு சேர்ந்திருப்பது) இருந்ததை நெகடிவ் எர்த்தாக மாற்றி, சீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிக்குப் பதில் ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டாயிற்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், முன்னால் ஹாலஜன் விளக்கு, ரேடியேட்டருக்கு மாருதி 800 ஃபேன். வயரிங் வேலை டவுனில் ஒரு எலக்ட்ரீஷியன் செய்தது.

போன வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனேன். நிறுத்தி, சாவியை எடுத்தேன், நிற்கவில்லை. திரும்பப் போட்டு எடுத்தேன், ம்ஹூம். கூட்டம் கூடிவிட்டது. பூ விற்கிற அம்மா, "சாமி வந்துருச்சாட்ட இருக்குதே தம்பி" என்கிறது. கடைசியில் நாலாவது கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்ச்சை விட்டு மூச்சை நிறுத்தினேன். அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். என்ன காரணமாக இருக்கும்?

கோபிக்காரர்

தம்பி, இது டீசலிங். இந்த வண்டிக்கே பேர்போன வியாதி. சிலிண்டருக்குள் கரி படிந்து அது தணல் மாதிரி கனன்றுகொண்டிருக்கும், பிளக்கில் பொறி நின்றாலும் அந்தத் தணலே பெட்ரோலைக் கொளுத்திவிடும். கார்புரேட்டர் வண்டியில் சாவியை அணைத்தால் பொறிதான் நிற்கும், பெட்ரோல் நிற்காது, எஞ்சின் சுற்றுகிற வரைக்கும் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். பின்னாளில் வந்த எம்ஜிபிகளில் இதைத் தடுப்பதற்கென்றே கம்பெனிக்காரனே ஒரு வால்வு வைத்தான். ஐடிலிங்கைக் குறையுங்க, டைமிங்கைப் பாருங்க, ஒரு படி குளிர்ச்சியான பிளக் போட்டுப் பாருங்க.

இன்னொன்று. இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் அதற்குத் தாங்காது, ஊறி மெத்தென்று ஆகிவிடும். டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும் எத்தனால் தாங்குகிற ஹோஸாக மாற்றிவிடுங்க. இது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லைதான், ஆனால் தீப்பிடித்த பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை பாருங்க.

தோப்புக்காரன்

ஹோஸ் எல்லாம் மாற்றிவிட்டேங்கண்ணா. ஐடிலிங் 900தான் இருக்கிறது. கரி என்கிறீர்கள், ஆனால் ஹெட்டைத் திறந்து சுத்தம் செய்து 400 கிலோமீட்டர்கூட ஓடவில்லையே. காலையில் ஸ்டார்ட் செய்து அடுத்த நிமிஷமே அணைத்தாலும் நிற்க மாட்டேங்குது, தணல் கனலுகிற அளவுக்குச் சூடாக நேரமே இல்லை.

கருமத்தம்பட்டி மாப்ள

பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்க, நின்றுவிடும். எங்க டிராக்டரில் அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

ஒயர்மேன் (திருப்பூர்)

அதை மட்டும் செய்துவிடாதீங்க! ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரியைப் பிடுங்கினால் வோல்டேஜ் எகிறி டயோடும் போகும், அந்த எலக்ட்ரானிக் இக்னிஷனும் போகும். டைனமோ காலத்துப் பழக்கத்தை இதில் காட்டக் கூடாது மாப்ள.

தோப்புக்காரன், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க, அப்புறம் பேசலாம். சாவியை அணைத்த பிறகு எஞ்சின் எப்படி ஓடுகிறது? குலுங்கி, டொக் டொக்கென்று இடித்துக்கொண்டா, இல்லை எப்போதும் போல சீராகவா? அந்த நேரத்தில் ஆர்பிஎம் முள் எங்கே நிற்கிறது?

தோப்புக்காரன்

அட, இதை நான் கவனிக்கவே இல்லைங்க. இப்போதுதான் கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். சீராகத்தான் ஓடுகிறது, ஸ்டீயரிங்கில் விரல் வைத்தால் நடுக்கம்கூட இல்லை. ஆர்பிஎம் முள் 900ல் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. அதைவிட வேடிக்கை, பெட்ரோல் முள்ளும் கீழே இறங்கவில்லை, பின்னால் எஸ்யூ பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடிப்பதும் கேட்கிறது. சாவி என் கையில் இருக்கிறது!

ஒயர்மேன் (திருப்பூர்)

அப்படியானால் டீசலிங் இல்லை. டீசலிங்காக இருந்தால் சாவியை அணைத்த நொடியே ஆர்பிஎம் முள் பூஜ்யத்தில் விழும், எஞ்சின் மட்டும் பொறி இல்லாமல் தள்ளாடும். உங்கள் வண்டியில் பம்ப், முள், பிளக்கில் பொறி வரவைக்கிற காயில் எல்லாமே உயிரோடு இருக்கின்றன. இக்னிஷன் லைனுக்குள் வேறு எங்கிருந்தோ கரன்ட் திரும்பி வருகிறது.

அந்த வண்டியில் வயர் நிறம் படிப்பது சுலபம். பிரவுன் என்றால் எப்போதும் கரன்ட் இருக்கும். வெள்ளை என்றால் சாவி போட்டால்தான். பச்சை அதே வெள்ளைதான், ஃபியூஸைத் தாண்டி வருவது. காயிலும் பெட்ரோல் பம்பும் வெள்ளையில் இருக்கின்றன. இப்போது ஆல்டர்னேட்டருக்கு வாங்க. அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு சார்ஜிங் பல்புக்குப் போகும், பல்பின் மறுபக்கம் வெள்ளை வயர். சாவி போட்டதும் பல்பு வழியாகக் கொஞ்சம் கரன்ட் போய் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் ஆல்டர்னேட்டர் பக்கமும் அதே வோல்டேஜ் வந்துவிடும், பல்பு அணைந்துவிடும். சாவியை எடுத்தால்? ஆல்டர்னேட்டர் பக்கம் 14 வோல்ட், வெள்ளை பக்கம் ஒன்றுமில்லை, கரன்ட் தலைகீழாக வெள்ளைக்குள் ஓடும். நடுவில் பல்பு இருந்தால் பயமில்லை. 2.2 வாட் பல்பு வழியாக 0.18 ஆம்ப்தான் போகும், காயில் கேட்பதோ மூன்று நாலு ஆம்ப். வாய்க்கால் தண்ணீரை ஊசித் துளையில் விட்ட மாதிரி, பொறி வராது, எஞ்சின் நின்றுவிடும்.

உங்கள் வண்டியில் அந்த பல்பு இருக்கிறதா? சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரிகிறதா?

தோப்புக்காரன்

எரிந்து நான் பார்த்ததே இல்லைங்க. சார்ஜ் நன்றாக ஏறுகிறது, மீட்டரில் 14.1 காட்டுகிறது, அதனால் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒயர்மேன் (திருப்பூர்)

ஆல்டர்னேட்டரில் அந்த மெல்லிய வயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, சாவியை எடுத்துப் பாருங்க. கொஞ்ச நேரம் சார்ஜ் ஏறாது, பரவாயில்லை. உடனே நின்றால் திருடன் அதுதான். அப்புறம் டேஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்க, பிரவுனில் மஞ்சள் கோடு போட்ட வயர் எங்கே போகிறது என்று.

தோப்புக்காரன்

மாட்டிக்கிச்சுங்க! வயரைக் கழற்றியதும் சாவியை எடுத்த நொடியே நின்றுவிட்டது. டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து அரை மணி நேரம் தேடினேன். பல்பு ஹோல்டர் உடைந்து தொங்குகிறது, அந்தப் பிரவுன் மஞ்சள் வயரை வெள்ளை வயரோடு நேராக முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஆல்டர்னேட்டர் எழுந்தால் போதும் என்று செய்த வேலை. டேப்பைப் பிரித்தபோது பசை உருகி விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது, செம்பு கறுத்துப்போயிருந்தது.

உக்கடத்தில் பழைய சாமான் கடையில் ஒரு ஹோல்டர் கிடைத்தது, 2.2 வாட் பல்பு போட்டேன். சாவி போட்டால் இப்போது சிவப்பு எரிகிறது, ஓடினால் அணைகிறது. ஆனால் முழுசாகத் தீரவில்லை. காலையில் உடனே நிற்கிறது. வெயிலில் ஓட்டிவிட்டு வந்து அணைத்தால் இரண்டு மூன்று விநாடி இழுத்துவிட்டுத்தான் நிற்கிறது. இது கோபி அண்ணன் சொன்ன கரியா?

ஒயர்மேன் (திருப்பூர்)

அப்போதும் முள்ளைப் பார்த்தீர்களா? மெதுவாக இறங்கும், சட்டென்று விழாது. சரியா? அந்த நேரத்தில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததா?

தோப்புக்காரன்

ஆமாங்க, ஆமாங்க, இரண்டுக்கும் ஆமாங்க. உட்கார்ந்த இடத்திலிருந்து எப்படிங்க சொல்றீங்க?

ஒயர்மேன் (திருப்பூர்)

ஃபேனைப் பச்சை வயரில் நேராகக் கொடுத்திருப்பார்கள். கரன்ட் போனாலும் ஃபேன் உடனே நிற்காது, சுற்றுகிற வரைக்கும் அந்த மோட்டாரே ஒரு சின்ன டைனமோ. அது தயாரிக்கிற கரன்ட் பச்சை வழியாக ஃபியூஸைத் தாண்டி வெள்ளைக்குப் போய் காயிலுக்குச் சோறு போடுகிறது. ஃபேன் ஓய்ந்ததும் எஞ்சின் ஓய்கிறது.

ஒரு ரிலே போடுங்க, அதாவது சின்னக் கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச். 30ம் நம்பரில் பேட்டரியிலிருந்து 20 ஆம்ப் ஃபியூஸ் வழியாகத் தனி வயர், 87ல் ஃபேன், 86ல் அந்தப் பச்சை வயர், 85ஐ தெர்மோ சுவிட்ச் (எஞ்சின் சூடானால் ஃபேனைப் போடுவது) வழியாக எர்த். சாவியை எடுத்ததும் ரிலே திறந்துகொள்ளும், ஃபேன் சுற்றித் தயாரிப்பது போக வழியில்லாமல் அங்கேயே நின்றுவிடும். இதில் தெர்மோ சுவிட்ச்சுக்கும் ஆயுசு கூடும், ஃபேனின் எட்டு பத்து ஆம்பை அது சுமக்க வேண்டாம். ஹெட்லைட்டுக்கும் ஒரு ரிலே போட்டுவிடுங்க, அறுபது வருஷத்துச் சுவிட்ச்சில் ஹாலஜன் கரன்ட்டை ஓட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை.

கருமத்தம்பட்டி மாப்ள

அந்த சிவப்பு பல்புக்கு எல்இடி போடலாமா? நான் என் பத்மினியில் எல்லாத்தையும் எல்இடி ஆக்கிவிட்டேன்.

ஒயர்மேன் (திருப்பூர்)

வேண்டாம் மாப்ள. ஆல்டர்னேட்டரை எழுப்புகிற கரன்ட் அந்த பல்பு வழியாகத்தான் போக வேண்டும், எல்இடி விடுகிற துளி கரன்ட்டில் அது எழாது. எந்த விளக்கை வேண்டுமானாலும் மாற்று, இதை மட்டும் பழைய பல்பாகவே விடு.

தோப்புக்காரன்

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ரிலே போட்டுவிட்டேன். 65 ரூபாய் ரிலே, 20 ரூபாய் சாக்கெட். இந்த வெள்ளிக்கிழமை திரும்ப ஆனைமலை. வேண்டுமென்றே போன தடவை நின்ற அதே இடத்தில் நிறுத்தினேன், ஃபேன் சுற்றுகிற வரைக்கும் காத்திருந்து சாவியை எடுத்தேன். டப்பென்று நின்றது. பூக்கார அம்மா எட்டிப் பார்த்து, "சாமி மலையேறிருச்சாட்ட இருக்குது" என்றது. அம்மா இரண்டு முழம் கூடவே வாங்கிக்கொண்டார்.

ஒயர்மேன் அண்ணனுக்குத் தோப்பிலிருந்து இளநீர் குலை ஒன்று பாக்கி. அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன். கழற்றிய 22 ஆம்ப் லூகாஸ் டைனமோவும் கன்ட்ரோல் பாக்ஸும் சும்மா கிடக்கின்றன, இரும்புக்காரனுக்குப் போட மனசு வரவில்லை.

கோபிக்காரர்

போடாதீங்க தம்பி. என்னிடம் இருக்கும் பழைய ஹெரால்டு காருக்கு ஆகுமா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன், திருப்பூருக்குப் போக வேண்டிய இளநீரையும் நானே ஏற்றிக்கொள்கிறேன். முழுசாகப் போய்ச் சேருமா என்பதற்கு மட்டும் உத்தரவாதம் கேட்காதீங்க.