வேப்பமரத்து வீடு குழு: நாளைக்குக் கணக்குப் பரீட்சை

நான்: பெரியப்பா, தூங்கிட்டீங்களா? நாளைக்குக் கணக்குப் பரீட்சை. ஒரு ஐந்து மார்க் கணக்கு வரவே மாட்டேன் என்கிறது.

நான்: ஒரு கார் 100 கி.மீ. போகிறது. வேகம் மணிக்கு 10 கி.மீ. கூடியிருந்தால் 30 நிமிடம் முன்னதாகச் சேர்ந்திருக்கும். உண்மையான வேகம் என்ன?

அத்தை: ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது? பெண் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அம்மா: அண்ணி, அவள் கணக்கு முடியட்டும்.

நான்: எனக்கு எக்ஸ் 2.6 வருகிறது.

பெரியப்பா: கோயிலுக்கு அப்பத்தா அதைவிட வேகமாக நடப்பாங்க கண்ணு. விடை வந்ததும் அந்த வண்டியை மனசுக்குள் ரோட்டில் ஓட்டிப் பார். எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்பு.

நான்: (போட்டோ)

அப்பத்தா: (குரல் பதிவு 0:14)

சித்தப்பா: சரிம்மா, தைலம் நாளைக்கு வாங்கி வருகிறேன்.

பெரியப்பா: தூரம், வேகம், நேரம் என்று மூன்று கட்டம் போட்டுக்கொள். தூரம் இரண்டு தடவையும் 100. வேகம் முதலில் எக்ஸ், அடுத்தது எக்ஸ் + 10. நேரம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்தது. மெதுவாகப் போனால்தான் நேரம் அதிகம், அதனால் 100/எக்ஸ் − 100/(எக்ஸ் + 10). இதுவரை நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். வலது பக்கம் 30 என்று போட்டாய் பார், அங்கேதான் போச்சு. வேகம் மணிக் கணக்கில் இருக்கிறது. 30 நிமிடம் என்றால் அரை மணி, 1/2 போடு.

நான்: எக்ஸ்² + 10எக்ஸ் − 2000 = 0

பெரியப்பா: காரணிப்படுத்து.

நான்: (எக்ஸ் + 50)(எக்ஸ் − 40). வேகம் மைனஸில் வராது. அப்போ 40!

பெரியப்பா: சரிபார்க்காமல் பேனாவை மூடக் கூடாது.

நான்: 40-இல் போனால் இரண்டரை மணி. 50-இல் போனால் இரண்டு மணி. அரை மணி வித்தியாசம் வந்துவிட்டது பெரியப்பா!!

சித்தி: சூப்பர் பாப்பா 👏

மாமா: மச்சான், அப்படியே திருச்சிக்கும் போடுங்க. இங்கிருந்து 135 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 60, திரும்பும்போது இருட்டிவிடும், 40. சராசரி 50.

பெரியப்பா: 50 இல்லை மாப்பிள்ளை, 48. மெதுவாக ஓடும்போதுதான் வண்டியில் அதிக நேரம் உட்கார்ந்திருப்போம். போக இரண்டேகால் மணி, வர 3 மணி 22 நிமிடம். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்கணும், இரண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கக் கூடாது. பாப்பா, நீயும் குறித்துக்கொள்.

சித்தி: எங்கள் கல்யாணத்தன்று வேன் வந்தபோது தாலி கட்டி முடிந்துவிட்டது. பெரிய அத்தான் பார்க்கவில்லையே என்று இவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாமா: அது பஞ்சர். எத்தனை தடவை சொல்வது?

அத்தை: இப்போ எதுக்கு அது? 5 மணியா, 6 மணியா?

அம்மா: நல்ல நேரம் 9 மணிக்கு. 6 மணிக்குக் கிளம்பினால் எட்டேகால்.

பெரியப்பா: விராலிமலையில் காபிக்கு அரை மணி சேர்த்துக்கொள். வண்டி நிற்கும்போது தூரம் கூடாது, நேரம் கூடும்.

சித்தப்பா: அம்மா யார் வண்டியில்?

அப்பத்தா: (குரல் பதிவு 0:09)

அத்தை: முன் சீட்டுதான் வேண்டுமாம்.

நான்: பெரியப்பா, இன்னும் ஒன்றே ஒன்று. 200 மீட்டர் ரயில், 300 மீட்டர் நடைமேடை, வேகம் மணிக்கு 72 கி.மீ. கடக்க எவ்வளவு நேரம்?

பெரியப்பா: கடைசிப் பெட்டியும் நடைமேடையைத் தாண்டணும். அதனால் இரண்டு நீளத்தையும் கூட்டு. 72-ஐ 5/18-ஆல் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும்.

நான்: 500 மீட்டர், விநாடிக்கு 20 மீட்டர். 25 விநாடி!

பெரியப்பா: அவ்வளவுதான் கண்ணு. போய்ப் படு.

சித்தி: அப்போ ஐந்தரைக்குக் கிளம்பலாமா?

மாமா: ஆறு போதும்.

அத்தை: வேன்காரரிடம் கேட்டுவிட்டுக் காலையில் சொல்கிறேன்.

அம்மா: பாப்பா, போனை வை.