பையன் காதுக்கு ஆபரேஷன் என்கிறார்கள், அவசரம்

தக்கலைக்காரன்:
பையனுக்கு அடிக்கடி காது ஒழுகுகிறது. நாகர்கோவிலில் காட்டினோம். ஆபரேஷன்தான், திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்கிறார்கள். பொறுக்கலாமா?

நாஞ்சில் மருமகள்:
வயது என்ன? எந்தக் காது? ஆபரேஷனுக்குப் பெயர் சொன்னார்களா?

குளச்சல் அலை:
குரோமெட் என்கிற குட்டிக் குழாயாகத்தான் இருக்கும். என் மகளுக்கு நாலு வயதில் வைத்தோம். செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டி, டிவியை அலறவிடுவாள். மூன்று மாதம் பார்த்தும் வற்றவில்லை. பறையில் சின்னக் கீறல் போட்டு, நீரை உறிஞ்சிவிட்டுக் குட்டிக் குழாய் வைத்தார்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையையும் சேர்த்தே எடுத்தார்கள். ஒரு வருஷத்துக்குள் குழாய் தானாக விழுந்துவிட்டது. பொறுக்கலாம்.

மார்த்தாண்டம் பாட்டா:
தேங்காயெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி ரெண்டு சொட்டு விடுங்க மக்களே.

வேளிமலை:
ஒழுகுகிற காதில் எண்ணெயா பாட்டா? காது கேட்கும் சோதனையான ஆடியோகிராம் இல்லை, டாக்டர் சீட்டு இல்லை, எல்லோரும் தீர்ப்பு மட்டும் சொல்கிறீர்கள். ஒழுகுவது நாறுகிறதா?

நாஞ்சில் மருமகள்:
அலை, குழாயோடு திற்பரப்பு அருவியில் குளிக்கவிட்டீர்களா? சொட்டுத் தண்ணீர் படக்கூடாதே.

குளச்சல் அலை:
அது பழைய கதை. எல்லாக் குழந்தைக்கும் காதை அடைக்கத் தேவையில்லை என்று 2013இலேயே அமெரிக்க வழிகாட்டுதல் வந்தாச்சு. முங்கு நீச்சல்தான் வேண்டாம்.

நாஞ்சில் மருமகள்:
அமெரிக்காவில் கோதையாறு ஓடுகிறதா?

தக்கலைக்காரன்:
ஆறு வயது. வலது காது. நாற்றம் உண்டு. சீட்டில் கொலஸ்டியடோமா, மாஸ்டாய்டு என்று இருக்கிறது.

வேளிமலை:
இதை முதலிலேயே சொல்ல என்ன? கொலஸ்டியடோமா என்றால் நீர் இல்லை. நடுக்காதுக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கிறது. சொட்டு மருந்தில் ஒழுக்கு நிற்கும், நோய் போகாது. விட்டால் கேட்கும் குட்டி எலும்புகள், முக நரம்பு, மூளை உறை வரை போகலாம். காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து நோயை எடுப்பார்கள். வெளிக்காதுத் துளையின் பின்சுவரை வைத்துக்கொள்வார்களா, எடுப்பார்களா என்று கேளுங்கள். வைத்தால் காது பார்க்க இயல்பாக இருக்கும். ஆனால் குழந்தைகளுக்குத் திரும்ப வர வாய்ப்பு அதிகம், வருஷம் ஆகும்போது மறுபடி திறந்தோ எம்ஆர்ஐ எடுத்தோ பார்க்கவேண்டும். எடுத்தால் திரும்ப வருவது குறைவு. ஆனால் உள்ளே குழி, காலத்துக்கும் சுத்தம் செய்யப் போகவேண்டும், தண்ணீரும் ஆகாது.

குளச்சல் அலை:
நான் பொறுக்கச் சொன்னதை விட்டுவிடுங்க.

மார்த்தாண்டம் பாட்டா:
எண்ணெயையும்.

தக்கலைக்காரன்:
சிடி ஸ்கேன் எடுத்தாச்சு. வியாழக்கிழமை ஆபரேஷன். சுவரை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்களாம். நன்றி.