பால்டிமோர் தனியார் பள்ளி ஃபுட்பால், 2018: அருகிலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

எலிகாட் சிட்டியிலிருந்து:

மேரிலாந்தில் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் படிக்கவைத்த தமிழர்களுக்கு அந்தக் கோடை நினைவிருக்கும். தனியார் பள்ளிகளின் விளையாட்டுச் சங்கமான எம்.ஐ.ஏ.ஏ.வின் மேல்மட்ட ஏ பிரிவில், ஆளோடு ஆள் மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில், பால்டிமோரின் செயின்ட் ஃபிரான்சிஸ் அகாடமியோடு ஆட மாட்டோம் என்று மற்றப் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. அப்படி விலகிய பள்ளி ஒன்றில்தான் என் மகன் தடுப்பு வரிசையில் ஆடிக்கொண்டிருந்தான்.

2017-இல் எங்கள் பள்ளி அவர்களோடு ஆடியதைப் பார்த்த பிறகு, விலகியதில் எனக்கு வருத்தமில்லை. எதிரே நின்றவர்களைப் பள்ளிப் பையன்கள் என்று சொன்னால் நம்ப முடியாது. பலருக்கு அப்போதே பெரிய கல்லூரி அணிகளின் அழைப்பு வந்திருந்தது. இடைவேளைக்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. மிச்ச நேரம் முழுவதும், எந்தப் பையன் எழுந்திருக்காமல் கிடக்கிறான் என்றுதான் பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்களுடைய பயிற்சியாளர் பிஃப் பாகி முதலீட்டுத் தொழிலில் சம்பாதித்தவர்; சொந்தப் பணத்தை அணிக்குக் கொட்டினார். 2016, 2017 இரண்டு ஆண்டும் பட்டம் அவர்களுக்கே. அவர்களோடு போட்டியிட எங்கள் பள்ளியால் முடியாது. முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னது தவறா?

பால்டிமோர் நகரிலிருந்து:

ஐயா, உங்கள் மகனை நினைத்து நீங்கள் பயந்தது நியாயம். ஆனால் நான் வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பள்ளி இருக்கிறது. கிழக்கு சேஸ் தெரு, பக்கத்திலேயே சிறைச்சாலை வளாகம். 1828-இல், அடிமை முறை நடப்பில் இருந்த ஊரில், அன்னை மேரி லாங்கே என்ற கறுப்பினப் பெண் கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கத்தோலிக்கப் பள்ளி அது. கறுப்பினப் பெண்களுக்கான துறவற சபை ஒன்றையும் அவர் அடுத்த ஆண்டு நிறுவினார்.

இதே பாகி அதற்கு முன் பல ஆண்டுகள் கில்மன் பள்ளிக்குப் பயிற்சியாளர். கில்மன் எப்படிப்பட்ட பள்ளி என்று உங்களுக்கே தெரியும். பணக்கார வீட்டுப் பிள்ளைகள், பசும்புல் வளாகம். அங்கே அவர் பட்டம் பட்டமாக அள்ளியபோது யாராவது கூட்டாக விலகினார்களா? அதே மனிதர் சிறைச்சாலைப் பக்கம் வந்து ஜெயித்தவுடன்தான் எலும்பு முறியும் என்ற கவலை வந்தது. பாட்டர்சன் பூங்காவில் அவர்கள் ஆடியதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் ஒரு பையன் தன் பாட்டியின் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஆறடிக்கு மேல் உயரம். பாட்டி ஏதோ திட்டிக்கொண்டே வந்தார், அவன் தலையை ஆட்டிக்கொண்டே போனான்.

டவ்சனிலிருந்து:

நான் எண்பதுகளில் வந்தவன். உங்கள் இருவருக்கும் இது முதல் பிளவாகத் தெரிகிறது. 1919-இல் தொடங்கிய எம்.எஸ்.ஏ. என்ற பள்ளி விளையாட்டுச் சங்கத்தில் பால்டிமோரின் அரசுப் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் சேர்ந்தே ஆடின. நன்றி தெரிவிக்கும் நாளன்று மெமோரியல் ஸ்டேடியத்தில் இரண்டு ஆட்டங்கள்: தனியார் பள்ளிகளான லயோலா–கால்வர்ட் ஹால், அரசுப் பள்ளிகளான சிட்டி–பாலி. உடன் வேலை செய்தவர் கூட்டிக்கொண்டு போனார். விதி ஒன்றும் புரியவில்லை, குளிர் மட்டும் நன்றாகப் புரிந்தது. ஒரே அரங்கில் வழக்கறிஞர் வீட்டுப் பையனுக்கும் துறைமுகத் தொழிலாளி வீட்டுப் பையனுக்கும் கைதட்டினார்கள்.

1993-இல் நகர அரசுப் பள்ளிகள் மாநிலச் சங்கத்துக்குப் போய்விட்டன. மிஞ்சிய தனியார் பள்ளிகள் தமக்குள் அமைத்துக்கொண்டதுதான் எம்.ஐ.ஏ.ஏ. கால் நூற்றாண்டுக்குள் அதற்குள்ளும் பிளவு. லயோலா–கால்வர்ட் ஹால் ஆட்டம் 1920-இல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. எந்தச் சங்கம் வந்தாலும் போனாலும் அந்த இரு பள்ளிகளும் ஒன்றையொன்று விடவில்லை.

எலிகாட் சிட்டியிலிருந்து:

கில்மன் பற்றிய கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை, அம்மா. ஒன்று மட்டும் சொல்கிறேன். 2018-இல் செயின்ட் ஃபிரான்சிஸ் உள்ளூரில் ஆள் இல்லாமல் வெளிமாநில அணிகளைத் தேடிப் போய் ஆடியது. எங்கள் வீட்டில் அந்த முடிவுகளை வாரந்தோறும் பார்த்தவன் என் மகன்தான். "நம்மை அவர்களோடு ஆட விட்டிருக்கலாம் அப்பா" என்று அவன் சொன்னான். அவன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.